உடலின் உட்காவல்

வாழைப்பூவை ஆய்ந்து அரிந்து வைத்தால், சிறிது நேரத்தில் அது கறுத்துவிடுகிறது. ஆதலால், சமையலிற் பழகியவர்கள் அதனை அரிந்தவுடன் மோர் கலந்த நீரில் இடுவார்கள். மழையில் நனைந்த இரும்பாணி சில நாள்களில் துருப்பிடிக்கிறது. திறந்த பாத்திரத்தில் நெடுநாள் கிடந்த எண்ணெயில் காறல் வாடை வீசுகிறது. கறுத்தலும் துருப்பிடித்தலும் காறலும் பார்வைக்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஆயினும், அவை மூன்றற்கும் அடிப்படை ஒன்றே. காற்றிலுள்ள ஆக்சிஜன் அப்பொருள்களைத் தாக்கி, அவற்றின் இயல்பை மாற்றிவிடுகிறது. இம்மாற்றத்தை ஆக்சிஜனேற்றம் என்பர்.

அந்த ஆக்சிஜன் இல்லையேல் மனிதனால் சில நிமிடங்களுக்கு மேல் உயிர் வாழ இயலாது. அதனாலன்றோ அதற்கு உயிர்வளி என்னும் பெயரும் ஏற்பட்டது! உயிரை வளர்க்கும் வளியே உடலைச் சிதைக்கவும் வல்லதாய் இருப்பது வியப்பிற்குரியது. இரும்பையும் துருவாக்கும் வளியை மனிதன் பிறந்தது முதல் இறக்கும்வரை இடையறாது உட்கொள்கிறான். அங்ஙனமிருந்தும், அவன் உடல் பல்லாண்டு நிலைத்து நிற்பது எவ்வாறு? உடலினுள்ளே ஒரு காவல் இடையறாது நடைபெறுவதே அதற்குக் காரணம். அக்காவலின் இயல்பையும், அதற்கு உணவு செய்யும் துணையையும் அறிதல் யாவர்க்கும் நலம் பயக்கும்.

உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவற்றை உயிரணுவின் அடுப்புகள் எனலாம். உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனை அடைகின்றன. அதனால் நீர் உண்டாகிறது. உடலுக்கு வேண்டிய ஆற்றலும் வெளிப்படுகிறது. அடுப்பு எரியும்போது சிற்சில பொறிகள் வெளியே தெறிப்பதுண்டு. அதுபோலவே, இங்கும் சில எலக்ட்ரான்கள் வழிதவறி, இடையிலேயே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. அப்போது சூப்பராக்சைடு என்னும் பொருள் தோன்றுகிறது.

எலக்ட்ரான்கள் இணை இணையாக இருப்பதே இயல்பு. இணையற்ற எலக்ட்ரானை உடைய சூப்பராக்சைடு போன்றவற்றைத் தனியுறுப்புகள் என்று வேதியியலார் வழங்குவர். அவற்றுட் பல, அருகிலுள்ள பொருளிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துத் தம் குறையை நிரப்பிக்கொள்கின்றன. பறிகொடுத்த பொருள் தானே தனியுறுப்பாகித் தனக்கு அடுத்ததைத் தாக்குகிறது. இவ்வாறு தீமை சங்கிலிபோல் தொடர்கிறது. உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பும், அதன் உள்ளேயுள்ள புரதங்களும், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.யும் இதனாற் கேடுறுகின்றன. புகையிலைப் புகையும், மாசடைந்த காற்றும், கடும் வெயிலும், எக்ஸ் கதிர்களும் இத்தாக்குதலை மிகுவிக்கும்.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. 1900 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் என்பவர், கரிமப் பொருள்களில் தனியுறுப்பு தனித்து இருக்க இயலும் என்று முதன்முதலாகக் காட்டினார். 1954 ஆம் ஆண்டில், அர்ஜென்டினா நாட்டிற் பிறந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும், மிகுதியான ஆக்சிஜனும் எக்ஸ் கதிரும் உடலுக்குச் செய்யும் கேடு ஒரே வழியில் நிகழ்வது என்றும், அவ்வழி தனியுறுப்புகளே என்றும் எடுத்துரைத்தனர். ஈராண்டு கழித்து, டென்ஹாம் ஹார்மன் என்பவர், முதுமைக்கும் இதனோடு தொடர்பு உண்டு என்னும் கருத்தை வெளியிட்டார்.

பகை இன்னதென்று தெரிந்தபின், காவலர் யாவர் என்னும் வினா எழுந்தது. 1969 ஆம் ஆண்டில், டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ மெக்கார்டு, இர்வின் ஃபிரிடோவிச் ஆகிய இருவரும், சூப்பராக்சைடை மாற்றி அடக்கும் ஒரு நொதி உடலிலேயே இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்குச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பது பெயர். அது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் தீங்கு செய்யவல்லதே. ஆகவே, கேட்டலேஸ் என்னும் மற்றொரு நொதி அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. குளூட்டாதையோன் என்னும் பொருளும், அதனைக்கொண்டு தொழிற்படும் நொதியும் அவ்வேலையிற் பங்குகொள்கின்றன. முதற் காவலர் கைப்பற்றியதை அடுத்த காவலர் வாங்கி அடக்குவது போன்றது இவ்வமைப்பு.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இக்காவலர்கள் வெளியிலிருந்து வருபவர்கள் அல்லர். உடல் தானே ஆக்கிக்கொள்பவர்கள். ஆயினும், அவர்களை ஆக்குவதற்கு வேண்டிய பொருள்கள் உணவிலிருந்தே வருதல் வேண்டும். இந்நொதிகள் யாவும் புரதங்கள். குளூட்டாதையோன் மூன்று அமினோ அமிலங்களின் சேர்க்கை. டிஸ்மியூட்டேசுக்குச் செம்பும் துத்தநாகமும் மாங்கனீசும், கேட்டலேசுக்கு இரும்பும், குளூட்டாதையோனைக் கொண்டு தொழிற்படும் நொதிக்குச் செலினியமும் தேவை. எனவே, பருப்பும் பயறும், பாலும் முட்டையும், மீனும் கீரையும், உமி நீங்கித் தவிடு நீங்காத தானியமும் இக்காவலின் முதல் துணைகள் ஆகின்றன. அரிதிற் கிடைக்கும் கனியையும் விலை மிகுந்த பொடியையும் தேடுமுன், நாள்தோறும் உண்ணும் சோற்றையும் குழம்பையும் செம்மை செய்துகொள்ளுதல் வேண்டும்.

மற்றொன்றும் மறத்தற்குரியதன்று. தனியுறுப்புகள் முற்றிலும் பகையல்ல. குருதியிலுள்ள வெள்ளணுக்கள், உடலிற் புகுந்த நோய்க்கிருமிகளை அழிப்பதற்குச் சூப்பராக்சைடு முதலியவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. ஆகவே, உடலின் காவல் தனியுறுப்புகளை அடியோடு ஒழிப்பதற்கு ஏற்பட்டதன்று. அவற்றை அளவில் நிறுத்துவதற்கு ஏற்பட்டது. அடுப்பிலே தீ வேண்டும். அது கூரையைப் பற்றலாகாது. இவ்வளவே கருத்து.

உடல் தானே ஆக்கிக்கொள்ளும் காவலுக்கு அடுத்தபடியாக, உணவிலிருந்து நேரே வந்து உதவும் பொருள்களும் உண்டு. அவற்றை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். தனியுறுப்புக்குத் தாமே ஓர் எலக்ட்ரானை ஈந்து, சங்கிலியை அறுப்பது அவற்றின் தொழில். அவற்றுள் வைட்டமின் சி பெயர்பெற்றது. பெரும்பாலான விலங்குகள் அதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனால் அஃது இயலாது. முற்காலத்தில் மாதக்கணக்காகக் கடலிற் சென்ற மாலுமிகள், பசுங்காயும் பழமும் இன்றி, ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி என்னும் நோயால் மாண்டனர். 1747 ஆம் ஆண்டில், சாலிஸ்பரி என்னும் ஆங்கிலக் கடற்படைக் கப்பலில், ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலமெய்தினர். அப்பழங்களிலிருந்த பொருள் இன்னதென்று அன்று ஒருவரும் அறியார். 1928 ஆம் ஆண்டில் அதனைத் தனியே பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி. பின்னர், அவர் தம் நாட்டிற் பெருகி விளையும் ஒருவகை மிளகாயிலிருந்து அதனை மிகுதியாகப் பெற்றார். 1937 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவரைச் சார்ந்தது.

நெல்லிக்கனியிலும் கொய்யாவிலும் இவ்வைட்டமின் ஆரஞ்சைவிடப் பன்மடங்கு மிகுதியாக உள்ளது. இது நீரிற் கரைவது, வெப்பத்தால் குறைவது. ஆதலால், காய்களை அரிந்தபின் நெடுநேரம் நீரில் ஊறவிடுதலும், வெந்த நீரை வடித்துக் கொட்டுதலும் தக்கன அல்ல. நிலக்கடலையிலும் பிற வித்துகளிலும் உள்ள வைட்டமின் ஈ கொழுப்பிற் கரைந்து, உயிரணுவின் சவ்வைக் காக்கிறது. அது தன் எலக்ட்ரானை ஈந்து ஓய்ந்தபோது, வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து மீண்டும் வினைக்கு ஆளாக்குகிறது. முருங்கைக்கீரை, பப்பாளி, காரட்டு ஆகியவற்றிலுள்ள கரோட்டின்களும், தக்காளியைச் சிவப்பிக்கும் லைக்கோப்பீனும் சிறிது எண்ணெயோடு சமைத்து உண்டால் உடலில் நன்கு சேர்கின்றன. இவ்வாறு ஒன்றற்கொன்று துணையாய் நிற்பதே உணவுப் பொருள்களின் இயல்பு.

இனி, காப்பியின் பங்கைக் காண்போம். காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. ஏமன் நாட்டின் வழியாக அது உலகெங்கும் பரவியது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியார் ஏமனிலிருந்து ஏழு வித்துகளைக் கொணர்ந்து, இன்றைய கருநாடகத்திலுள்ள சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. தமிழகத்தில் சேர்வராயன், நீலகிரி, பழனி ஆகிய மலைகளில் அது இன்று விளைகிறது. காப்பி என்றவுடன் காஃபீன் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், அதன் விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்னும் மற்றொரு பொருளும் நிறைந்துள்ளது. அது பாலிபீனால்கள் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களுள் ஒன்று. விதையை வறுக்கும்போது அதில் ஒரு பகுதி அழிகிறது. வறுவல் கருகக் கருக அழிவும் மிகும். ஆயினும், அந்த வறுவலிலேயே மெலனாய்டின்கள் என்னும் பழுப்பு நிறப் பொருள்கள் தோன்றுகின்றன. அவற்றுக்கும் அவ்வாற்றல் ஓரளவு உண்டு. 2004 ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் ஆராய்ந்தபோது, அந்நாட்டார் உணவிற் பெறும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களில் காப்பியே முதலிடம் பெற்றிருந்தது. அது கனிகளை வென்றது என்பது இதன் பொருளன்று. அவர்கள் காப்பியை மிகுதியாகப் பருகுகின்றனர் என்பதே பொருள்.

கோப்பையில் உள்ளதெல்லாம் குருதியிற் சேர்ந்துவிடுவதில்லை. பருகிய குளோரோஜெனிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சிறுகுடலில் ஏற்கப்படுகிறது. எஞ்சியது பெருங்குடலை அடைந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் வேறு சிறு பொருள்களாக மாற்றப்படுகிறது. பாலிபீனால்கள் குருதியிற் சிறிதளவே நிலவுவதால், அவை தாமே நின்று தனியுறுப்புகளோடு பொருவது குறைவு. அவற்றின் உதவி பெரும்பாலும் வேறு வழியிலேயே அமையும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

அவ்வழி யாது? உயிரணுவில் என்.ஆர்.எஃப்.2 என்னும் ஒரு புரதம் உண்டு. அமைதிக் காலத்தில் அது கட்டுண்டு கிடக்கும். தாக்குதலின் அறிகுறி தோன்றியவுடன், அது கட்டவிழ்ந்து உயிரணுவின் கருவினுட் சென்று, காவல் நொதிகளை மிகுதியாக ஆக்குமாறு மரபணுக்களைத் தூண்டுகிறது. 1997 ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மசாயூகி யமமோட்டோவும் அவர் குழுவினரும் இதன் தொழிலை விளக்கினர். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த புரோக்கோலியிலிருந்து, இக்காவலைத் தூண்டும் சல்ஃபோராஃபேன் என்னும் பொருளை 1992 ஆம் ஆண்டிலேயே பால் தலலே என்பவரின் குழுவினர் பிரித்தெடுத்திருந்தனர். காப்பியிலுள்ள சில பொருள்களும் இவ்வாறு தூண்டுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஊர்க்காவலனுக்கு வெளியூரிலிருந்து ஆள் அனுப்புவது ஒருவகை உதவி; உறங்கும் காவலனைத் தட்டி எழுப்புவது மற்றொருவகை உதவி. கீரையும் காயும் காப்பியும் தேநீரும் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தது.

பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. காப்பி பருகுவோரிடையே இறப்பு ஓரளவு குறைந்திருந்ததாகவும், கல்லீரல் நோயால் நேரும் இறப்பும் குறைந்திருந்ததாகவும் அது கூறுகிறது. ஆயினும், கவனித்தறிந்த செய்தி ஒன்றை மட்டும் கொண்டு, குறைவுக்குக் காப்பியே காரணம் என்று முடிவு செய்துவிடல் ஆகாது. காப்பிக்குக் கட்டுப்பாடுகளும் உள. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 ஆம் ஆண்டில், நலமாயுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரையிலும், கருவுற்ற மகளிர் 200 மில்லிகிராம் வரையிலும் கொள்ளலாம் என்று வரையறுத்தது. சிறுவர்க்கு அளவு அதனினும் குறைவு. காப்பியும் தேநீரும் உணவோடு சேர்ந்தால், காய்கறிகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறைகிறது. குருதிச் சோகை உடையோர்க்கு இது பெருங்கேடு. 65 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் எதனைப் பருகினும் உணவுக்குழாய்க்குத் தீங்கு நேரக்கூடும் என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016 ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஆகவே, வளரும் பிள்ளைகள் இந்நலத்தைக் காப்பியில் தேடவேண்டுவதில்லை. நெல்லியிலும் கீரையிலும் பயற்றிலும் அது நிறையக் கிடைக்கிறது.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட ஒருவர், “நன்மை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து, மாத்திரையாக்கி, மிகுதியாக உண்டால் நன்மையும் மிகுமன்றோ?” என்று வினவக்கூடும். அறிஞர் பலரும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினர். காய்கனிகளை மிகுதியாக உண்போர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்டு, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினே காரணமாகலாம் என்று கருதினர். பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் இச்சோதனைக்கு உட்பட்டனர். ஒரு சாரார் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டனர். மற்றொரு சாரார் அஃது இல்லாத மாத்திரை உண்டனர். 1994 ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில், புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், கல்நார்த் தொழிலாளர் ஆகிய 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துச் சோதித்தனர். அங்கும் நோயும் இறப்பும் மிகுந்தன. ஆதலால், 1996 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், குறித்த காலத்திற்கு 21 மாதங்கள் முன்னரே அச்சோதனை நிறுத்தப்பட்டது. நோயினின்று காக்கும் என்று நம்பி விழுங்கிய மாத்திரை, நோய்க்கே துணையாயிற்று.

இதற்குக் காரணம் என்ன? புகை நிறைந்த நுரையீரலில், அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்த பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, தீய பொருள்களாகச் சிதைந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். உணவிலே அது பல துணைகளோடு, சிறிய அளவில் வருகிறது. மாத்திரையிலோ தனித்து, மிகுந்து வருகிறது. வேறொரு சான்றும் உண்டு. 2009 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்த ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞருள் ஒரு பகுதியினர்க்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் மிகுந்த அளவிற் கொடுக்கப்பட்டன. மாத்திரை உண்ணாதவர்க்குப் பயிற்சியால் இன்சுலினின் வினைத்திறம் பெருகியது; உண்டவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. பயிற்சியின்போது தோன்றும் சிற்றளவான தனியுறுப்புகளே உடலின் காவலைத் தட்டி எழுப்புகின்றன. அழைப்பொலியை அடக்கிவிட்டால், காவலன் எழுவது எங்ஙனம்?

அமெரிக்க வேளாண்மைத் துறை, ஒவ்வோர் உணவும் சோதனைக் குழாயில் எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டிருந்தது. வணிகர் சிலர் அவ்வெண்களைக் காட்டித் தம் சரக்கை உயர்த்திப் பேசலாயினர். குழாயில் நிகழ்வதும் உடலில் நிகழ்வதும் ஒன்றல்ல என்பதனால், 2012 ஆம் ஆண்டில் அத்துறை அவ்வட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளம்பரத்தில் காணும் பேரெண்களைக் கண்டு மயங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

லிண்டின் மாலுமிகளையும் பின்லாந்துச் சோதனைக்கு உட்பட்டோரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உண்மை ஒன்று விளங்கும். முன்னவர்க்கு ஒரு சத்து குறைந்திருந்தது. பழம் அக்குறையை நீக்கி உயிரளித்தது. பின்னவர்க்குத் தேவைக்கு மேல் ஒன்றைத் திணித்தனர். அது தீங்காய் முடிந்தது. குறையை நிரப்புதல் வேறு. மிகையைச் சேர்த்தல் வேறு. மருத்துவர் குறை கண்டு தரும் மாத்திரையை உண்ணுதல் முறையே. தானே வலிந்து விழுங்குதல் முறையன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில், மூலிகை எதனையும் கூறாது, உண்ணும் முறையையும் அளவையுமே மிகுதியாகப் பேசியிருப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

உடலின் காவல் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதனை வெளியிலிருந்து விலைக்கு வாங்க இயலாது. ஊட்டி வளர்க்கவே இயலும். பல நிறக் காய்களும் கனிகளும், கீரையும் பயறும், நல்ல உறக்கமும் ஆடலும் அதனை வளர்க்கும். புகை அதனைக் கெடுக்கும். வளர்ந்தோர் அளவோடு பருகும் காப்பி அதற்கு ஒரு சிறு துணை. அஃது அதன் தலைவன் அன்று. வாழைப்பூவை மோர்நீரில் இடுவோர் அதனை அளவாகவே இடுகின்றனர். பூவினும் மோர் மிகுந்தால் கறி புளித்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். அவ்வளவறிவே உணவின் நலத்தை உடலின் நலமாக்குவது.